எட்டைக் காட்டாத கம்பம்

ஆதிகேசவனின் இரண்டு கைகளும் படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. மீட்டர் கணக்கெடுக்க வந்த மனிதருக்குப் பேனா பிடிக்கக் கை இல்லை. பழவேற்காட்டிலிருந்து பசியாவரம் தீவுக்குப் போகும் படகு அது. ஏரித் தண்ணீர் பெரும்பாலும் இடுப்பளவுதான். எதிரில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நான், "தூரமா ஒரே இடத்தைப் பாருங்க, சரியாயிடும்" என்றேன். பார்த்தார். என் புடவை மேலேயே வாந்தி எடுத்தார். கிராம நர்ஸாக நான் சொன்ன யோசனைகள் பல இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

எண்பதுகளின் தொடக்கம். தீவுக்குக் கரண்ட் வந்து அதிக காலம் ஆகவில்லை. எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் லாரிகளைப் பார்த்து வளர்ந்த ஆதிகேசவன், மின்சார அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். மின்கம்பத்தில் அணில் மாதிரி ஏறுவார். படகு என்றால் பாதியில் திரும்பிவிடுவார். அதனால் பசியாவரம் முழுவதற்கும் 'கதவு பூட்டியிருந்தது' என்றே எழுதி வந்தார். ஒரு தீவே பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தது போல.

மேலதிகாரி தெய்வசிகாமணி ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி ரீடிங் வரலைன்னா நீயும் வராதே."

இரண்டு பெண் குழந்தைகள் உள்ள மனிதர். நான் இரக்கப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு புடவையை இழக்க மனமில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். கத்தினால் காற்றில் போய்விடும், ஆனால் கரைக்குக் கரை கண்ணுக்குத் தெரியும். தீவின் கரையில் ஒரு கம்பம், அதில் நான்கு கயிறுகள். மீட்டரில் ஒவ்வோர் இலக்கமும் எத்தனையோ, அத்தனை வலை மிதவைகளை அந்தந்தக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். சைபருக்குத் தேங்காய்த் தொட்டி. இந்தக் கரையில் ஆதிகேசவனும் அதே போலக் கட்டிக் காட்டுவார். சரியாக இருந்தால் அங்கே வெள்ளைத் துணி ஆடும். டாக்டர் சொன்ன மருந்தளவைத் திருப்பிச் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும் என்பது என் பயிற்சி. அதை மீட்டருக்கும் பொருத்திவிட்ட பெருமையில் அன்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

தீவில் பொறுப்பு மீன் விற்கும் நாகம்மாளுக்கு. வீட்டு எண் வரிசையில் ஒவ்வொரு மீட்டராகப் பார்த்து வந்து மிதவை கட்டினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் வெள்ளைத் துணி ஆடியது. மறுநாள் மதியம் கணக்கை ஒப்படைக்க வேண்டும். முந்தின நாளே முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நாகம்மாளின் கால் புண்ணுக்குக் கட்டுப்போடத் தீவுக்குப் போனேன். அவள் வீட்டு மீட்டரில் 0832. காலையில் கம்பத்தில் 0932 பார்த்தது நன்றாக நினைவிருந்தது.

"எட்டுதானே இருக்கு, ஏன் ஒன்பது கட்டினே?"

"இன்னா நர்ஸம்மா பேசறே? படகுங்க தொழிலுக்குப் போற நேரத்துல அதுக்கு எதுக்க எட்டைத் தொங்கவுடுவாங்களா? எட்டு ராசியில்லாத நம்பரு, ஆவாது."

"மத்த வீட்டுக்கும் இப்படித்தானா?"

"எட்டு வந்த வூட்டுக்கெல்லாம் ஒன்பதுதான் கட்டினேன். ஒண்ணு சேர்த்துதானே குடுத்தேன்? மீன் வாங்கறவன் கொசுறு போட்டா வாணாம்னுவானா?"

ஒரு விளக்கு எரியும் வீட்டுக்கு நூறு யூனிட் கொசுறு. என் ஏற்பாடு அவ்வளவு நம்பகமானது. தப்பான எண்ணைக்கூட ஒரு பிசகில்லாமல் கரை சேர்த்து, வெள்ளைத் துணியும் ஆட்டியிருந்தது.

கரைக்குத் திரும்பி ஆதிகேசவனிடம் சொன்னேன்.

"எந்தெந்த ஒன்பது நெஜம்னு எப்டிமா கண்டுபுடிக்கறது?"

"போய்த்தான் பார்க்கணும்."

"நீங்க பாத்துனு வந்து சொல்லக்கூடாதா?"

"என் யோசனையை நம்பினது போதாதா உங்களுக்கு?"

ஏரியை ஒருமுறை பார்த்தார். பிறகு, "காலைல இன்னா நேரத்துக்குப் படகு?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு வந்தார். நான் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வாங்கவில்லை. அனுபவப்பட்டவர். இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்து, கண்ணை மூடியபடியே தீவு வந்து சேர்ந்தார். முதலில் நாகம்மாள் வீடு. மீட்டரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"சத்தமா சொல்லாதே நைனா," என்றாள் நாகம்மாள். "எழுதினு போ."

அவர் பேசாமல் எழுதிக்கொண்டார்.