துக்கம் கேட்க வாருங்கள்

எங்கள் அண்ணன் இறந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் பங்கு மக்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. முன்பக்கங்களில் ஆயர்களும் குருக்களும் அண்ணனைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார்கள். கர்தினால் என்றும், திருத்தந்தையின் தூதர் என்றும், இந்த வறண்ட பூமியில் விளைந்த முத்து என்றும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதையெல்லாம் படித்து எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. ஏன் என்று எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

அண்ணன் பிறந்தது திருச்சுழிக்கு மேற்கே, அருப்புக்கோட்டை சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலங்கரி. ஊருக்கு வேறு பிழைப்பு கிடையாது. அப்பா பாம்பு கடித்து இறந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா கருவேல விறகை மண்மூடி எரிக்கும் கரிமூட்டத்தில் வேலை செய்து எங்களை வளர்த்தார்கள். மூட்டம் பிரிக்கிற நாட்களில் அண்ணனும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரி அள்ளப் போவார். அம்மாவுக்கு அதில் அழுகை. அந்நாளில் இருந்த பங்குச் சாமியார்தான் பார்த்து, அவரை மதுரைக் குருமடத்தில் சேர்த்துவிட்டார்.

குருப்பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து அம்மா தன் பிள்ளையைச் 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். 'வாங்க, போங்க'தான். அண்ணன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை.

காரியாபட்டிப் பக்கம் கொஞ்ச காலம் பங்கு வேலை பார்த்தார். பிறகு மேற்படிப்புக்கு உரோமைக்குப் போனவரை எண்பதுகளில் தூதரகப் பணிக்கு எடுத்துக்கொண்டார்கள். விடுப்பில் வந்தபோது அம்மா கேட்டார்கள்.

"தூதருன்னா என்ன வேல சாமி?"

"ரெண்டு பேரு சண்ட போட்டா நடுவுல போயி உக்கார்ற வேலம்மா."

"அதுக்கா ரோமாபுரி வரைக்கும் படிச்சீக? நம்மூரு பைப்படியில வந்து உக்காருங்க. தெனமும் குடத்தால அடிச்சிக்கிறாளுக."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரை ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள். அந்த நாட்டின் பெயரை வெளியே பேசுவது அண்ணனுக்குப் பிடிக்காது என்பதால் நானும் எழுதவில்லை. அவர் போன சில மாதங்களில் அங்கே உள்நாட்டுச் சண்டை மூண்டது. தலைநகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில்தான் இங்கே அம்மா படுக்கையில் விழுந்தார்கள். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா கட்டிலை வாசலுக்கு நேராகப் போடச் சொன்னார்கள். கதவைச் சாத்தவே விடவில்லை. "சாமி வருவாக" என்பதைத் தவிர வாயில் வேறு பேச்சில்லை. கஞ்சி இறங்கவில்லை, உயிரும் பிரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா அத்தை, அம்மாவோடு காலமெல்லாம் கரிமூட்டத்தில் கிடந்தவர், என் கையைப் பிடித்து, "மகனக் காணாம இந்த உசுரு போகாது. எப்பாடு பட்டாவது அவுகள வரச் சொல்லு தாயி" என்றார்.

நானும் பங்குத்தந்தையும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். டெலிபோன் பூத்தில் காலையிலிருந்து காத்துக் கிடந்தோம். லைன் கிடைக்கும், அறுந்து போகும். பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் குரல் கேட்டது.

"அண்ணே, அம்மா உங்களத்தான் தேடுறாக. கண்ண மூட மாட்டேங்குறாக. வந்துருங்கண்ணே."

லைன் போய்விட்டதோ என்று பயந்து கத்தினேன்.

"இருக்கேன்மா" என்றார். "இந்தத் தூதரக வீட்டுக்குள்ள, தப்பி வந்த பொம்பளைகளும் பிள்ளைகளுமா நெறஞ்சு கெடக்குறாங்க. தூதர் உள்ள இருக்காருங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் துப்பாக்கிக்காரன் வெளிய நிக்கிறான். நான் கார்ல ஏறுனா, இவங்கள அன்னைக்கே கொன்னுருவான்."

"அப்ப அம்மா?"

"நான் வரலம்மா. அம்மாவ என்னைய மன்னிக்கச் சொல்லாத. நல்லா வையச் சொல்லு."

பூத்திலேயே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யார் பெற்ற பிள்ளைகளையோ காப்பாற்ற, பெற்றவளைத் தவிக்க விட்டாரே என்று அன்றைக்கு என் வயிறு எரிந்தது. அவர் செய்தது சரி என்று என் புத்திக்கு இன்றைக்குத் தெரிகிறது. வயிறு இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவின் காதருகில் குனிந்து உள்ளதைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அப்பக் கதவச் சாத்து" என்றார்கள். மறுநாள் காலையில் போய்விட்டார்கள். வெயில் காலம், வைத்திருக்க முடியாது. மகன் போட வேண்டிய முதல் மண்ணை நான் போட்டேன்.

சண்டை ஓய்ந்தும் அண்ணனை விடவில்லை. அங்கே பேச்சுவார்த்தை, அது முடிந்ததும் வேறு நாடு. பின்னர் திருத்தந்தை அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அதற்குப் பிறகுதான், அம்மா இறந்து சில ஆண்டுகள் கழித்து, ஊருக்கு வந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சாவுக்கு வர முடியாமல் போனவர் எத்தனை வருடம் கழித்து வந்தாலும், முதல் காரியம் அவரும் வீட்டாரும் ஒருவருக்கொருவர் துக்கம் கேட்பதுதான். வாசலிலேயே வீட்டுப் பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடிக்காமல் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இதில் எங்களுக்குச் சாதி, மதம் என்ற பேதம் கிடையாது.

ஆனால் வந்தவர் கர்தினால் அல்லவா? வரவேற்புக் குழு போட்டார்கள். பந்தல்குடியிலிருந்து பேண்டு செட்டு வந்தது, வெடி போட்டார்கள். குழுக்காரர்கள் முதல் நாளே வீடு வீடாகப் போய், "ஆண்டகை வரும்போது ஒருத்தரும் அழக்கூடாது. வரிசையில வந்து மோதிரத்த முத்தி செஞ்சிட்டுப் போகணும்" என்று பெண்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அபசகுனம் ஆகிவிடக் கூடாதே என்றுதான் சொன்னார்கள்.

அண்ணன் கழுத்து நிறைய மாலையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஊரே வரிசையில் வந்து குனிந்து அவர் மோதிரத்தை முத்தமிட்டது. யாரோ ஒரு கலர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். அவர்கள் எல்லாம் சிரித்த முகமாக நகர்ந்தார்கள். கடைசியில் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்.

"பெத்த தாயி சாவுக்கு வராதவன் வந்து நிக்கேன். எல்லாரும் சிரிக்கிறீகளே, எங்கிட்டத் துக்கம் கேக்க இந்த வீட்ல ஒருத்தருமில்லையா?"

பாண்டியம்மா அத்தை குழுக்காரரை, "தள்ளுய்யா அங்கிட்டு" என்று விலக்கிக்கொண்டு வந்து, மாலையோடு சேர்த்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். "எய்யா ராசா, இப்பத்தான் வந்தீகளா? ரோட்டப் பாத்துப் பாத்தே போயிட்டாளே ஒங்காத்தா!" என்று ஓலமிட்டார். நான் அந்த மாலைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு அண்ணன் மேல் விழுந்தேன். எங்கள் அண்ணன் வாய்விட்டு அழுதார். நாடுகளைச் சமாதானம் பண்ணியவரைச் சமாதானம் பண்ண யாராலும் முடியவில்லை. வெகுநேரம் கழித்து அத்தை கொடுத்த ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவில்லை. உரோமையில் நோயில் விழுந்த செய்தி வந்ததும் பாஸ்போர்ட்டுக்காக மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்தேன். அது வருவதற்குள் அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கடைசி வரை அவரைப் பார்த்துக்கொண்ட உரோமைக் கன்னியாஸ்திரீகளுக்கும், அன்று என்னோடு பூத்தில் பட்டினி கிடந்த பங்குத்தந்தைக்கும், நினைவுத் திருப்பலி நிறைவேற்ற வந்திருக்கும் ஆயருக்கும் நன்றி. அண்ணனுக்கு முன்பே போய்விட்ட பாண்டியம்மா அத்தைக்கு நன்றி சொல்ல வழியில்லை.

சொந்தபந்தங்களே, இந்த ஓராண்டாக நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். சால்வை போர்த்தினீர்கள். "இப்பேர்ப்பட்ட அண்ணனுக்குத் தங்கச்சியாப் பெறக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நானும் உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். போதும். இன்று பூசை முடிந்ததும் பந்திக்குப் போகும் முன் ஒருவராவது என் வாசலுக்கு வாருங்கள். என்னைக் கட்டிக்கொண்டு, "ஒங்கண்ணன் போயிட்டாகளே தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் இன்னும் அழவில்லை.