தூங்க விடாத பெயின்டர்

ஐயனார் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிற பெயின்டர் அவர், தியாகதுருகத்தில். மீசையில் எப்போதும் நீலப் பெயின்ட் இருக்கும். சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார், அதுவும் குளித்துவிட்டு வந்து.

புது வீட்டுக்காக ஒரு பழைய பிரெஞ்சு ஓவியத்தை அப்படியே வரைந்துதரச் சொன்னேன். காவியக் கதைதான். தூங்குகிற வீரனைக் குத்த வந்த மாயக்காரி, அவன் முகத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறாள்.

பூ, பட்டு, மேகம் எல்லாம் அச்சு அசல். வீரன் மட்டும் முழித்துக்கொண்டிருந்தான்.

"அவன் தூங்கணுமேங்க?"

"கண்ணு தொறக்காம படத்த அனுப்புனா வூட்டுக்கு ஆவாதுங்க. கற்பூரம் ஏத்திதான் தொறந்தேன்."

"கதையே கெட்டுப்போச்சே!"

"கத்தியோட ஒருத்தி நிக்கிறா. இவன் தூங்கிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீரனுக்கு ஐயனாரின் உருட்டு விழி. மூலப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்காகத்தான் பயப்படுவேன். இப்போது அந்தப் பெண்ணுக்காகத்தான் பயமாக இருக்கிறது.