விருத்தாசலம் படுத்துடுச்சு

எனக்குக் கோவம் சீக்கிரம் வரும். அதுவும் “இந்த ஆறு வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”ன்னு யாராவது கேட்டா, வந்த கோவம் மறுநாள் வரைக்கும் போகாது. கம்ப்யூட்டர் படிச்சேன், ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன், பொண்ணு பொறந்ததும் விட்டேன். அவ்வளவுதான். கேக்குறவங்க என்னமோ நான் ஆறு வருஷமா கால் மேல கால் போட்டுக்கிட்டு மாங்கா தின்னுக்கிட்டு இருந்த மாதிரி ஒரு பார்வை பார்ப்பாங்க. மூணு இன்டர்வியூவுல அந்தப் பார்வையப் பார்த்துட்டு வந்தாச்சு.

நாலாவதா ஒரு கம்பெனி கூப்பிட்டுச்சு. நெட்வொர்க்கு பழுது பார்க்குற வேலை, வூட்டுல இருந்தே செய்யலாம். “உங்க லேப்டாப்புலயே ஒரு சோதனை நெட்வொர்க்கு கட்டி வைங்க. வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு வீடியோ கால்ல வரோம், ஓட்டிக் காட்டுங்க”ன்னாங்க. பொண்ணு ஒண்ணாங்கிளாஸு போக ஆரம்பிச்சிருந்தா. ஊரை விட்டு நகராம, படிச்ச படிப்புக்கு ஒரு வேலைன்னா எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா அடுத்து யார் வூட்டுக் கதவைத் தட்டுறதுன்னு தெரியல. உள்ளுக்குள்ள பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ஒரு நிஜ லேப்டாப்புக்குள்ள மூணு பொய் கம்ப்யூட்டரை உண்டாக்கலாம். ஒவ்வொண்ணும் தன்னைத் தனி கம்ப்யூட்டருன்னு நெனச்சிக்கும். ஒரே வூட்டுல மூணு குடித்தனம் வெக்குற மாதிரி. அந்த மூணையும் ஒண்ணோட ஒண்ணு பேச வெக்கணும். அதுதான் எனக்குக் குடுத்த வேலை.

மூணுக்கும் பேரு வெக்கணுமில்ல? எங்க வூட்டுக்காரரு தனியார் பஸ்ஸுல கண்டக்டரு, விருத்தாசலம் - திட்டக்குடி ரூட்டு. வூட்டுல இருக்கும்போதும் விசிலு கழுத்துலயேதான் தொங்கும். ஒண்ணு ஊதினா நில்லு, ரெண்டு ஊதினா கெளம்பு. பொண்ணை ஸ்கூலுக்குக் கெளப்புறதும் அப்படித்தான். அவரு கூட இருந்து இருந்து எனக்கும் வாயில ஊர்ப் பேருதான் வந்துது. ஒரு ஓரத்து கம்ப்யூட்டருக்கு திட்டக்குடி. இன்னொரு ஓரத்துக்கு மங்கலம்பேட்டை. நடுவுல விருத்தாசலம். யாரு எங்க போவணும்னாலும் விருத்தாசலத்துல எறங்கி மாறித்தான் போவணும். என் மூளைய நானே மெச்சிக்கிட்டேன்.

மூணு குடித்தனத்தையும் ஏத்தினதும் லேப்டாப்பு தோசைக்கல்லா காஞ்சுது. பக்கத்து வூட்டு அக்கா செராமிக் யூனிட்டுல பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவங்க. வந்து தொட்டுப் பார்த்துட்டு, “இன்னும் செத்த நேரம் போனா பொம்மை வேவும் போலருக்குதே”ன்னாங்க. சூளைக்குள்ள பொம்மை அடுக்குற சுட்ட மண் பலகையில ஓரம் ஒடைஞ்சது ஒண்ணு யூனிட்டுல சும்மா கெடக்குது, அது எந்தச் சூட்டுக்கும் அசராது, கேட்டு எடுத்தாறேன்னு சொல்லிட்டுப் போனாங்க.

புதன்கிழமை மத்தியானம் அக்கா பலகையோட வந்தப்ப நான் போன்ல இருந்தேன். கூடப் படிச்சவ ஒருத்தி சென்னையில இருக்குறா, அவகிட்ட கத்திக்கிட்டு இருந்தேன்.

“விருத்தாசலம் படுத்துடுச்சுடி. அது படுத்தா திட்டக்குடிக்கும் போவ முடியாது, மங்கலம்பேட்டைக்கும் போவ முடியாது. இதுல மங்கலம்பேட்டை மொத்தமா கெட்டுப் போய்க் கெடக்குது. அதை முழுசா பேத்து எடுத்துட்டுப் புதுசா போட்டாத்தான் சரிப்படும்.”

திரும்பிப் பார்த்தா வாசப்படியில பலகை இருக்குது, அக்காவைக் காணும். ஏதோ அவசரம் போலன்னு விட்டுட்டேன். பலகை மேல லேப்டாப்பை வெச்சேன், விருத்தாசலத்தை எழுப்பினேன், மங்கலம்பேட்டைய அழிச்சிட்டுப் புதுசா போட்டேன். திட்டக்குடியிலேருந்து விருத்தாசலத்துக்குச் சேதி அனுப்பினேன், பதில் வந்துது. விருத்தாசலத்துலேருந்து மங்கலம்பேட்டைக்கு அனுப்பினேன், அதுவும் வந்துது. வேலை முடிஞ்சுதுன்னு பொண்ணைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிட்டேன்.

அன்னைக்கி சாயந்தரம் வூட்டுக்காரரு உர்ருன்னு வந்து உக்காந்தாரு.

“எவ கெளப்பிவுட்டான்னு தெரியல. விருத்தாசலத்துல மறியலாம். ஜனங்க ரோட்டுல படுத்துட்டாங்களாம். மங்கலம்பேட்டை ரோட்டைப் பேத்துட்டுப் புதுசா போடறாங்களாம். எந்தப் பஸ்ஸும் ஓடாதாம். பக்கத்து வூட்டு அக்காவும் யூனிட்டு பொம்பளைங்களும் திட்டக்குடி வளைகாப்புக்கு என் பஸ்ஸுலதான் வரதா இருந்தாங்க. ஷேர் ஆட்டோ புடிச்சி வயக்காட்டு வழியா சுத்திக்கிட்டுப் போயிருக்காங்க. நான் காலி பஸ்ஸுல போறேன், அவங்க ஆட்டோவுலேருந்து எனக்குக் கையாட்டி, ‘போவாதீங்க, போவாதீங்க’ன்றாங்க.”

அக்கா என் போன் பேச்சைக் காதுல வாங்கிட்டுப் போயிருக்காங்க. படுத்தது எது, பேத்தது எதுன்னு சொல்லித்தான் ஆவணும். மூணு டம்ளரை வரிசையா வெச்சி, இது திட்டக்குடி, இது விருத்தாசலம், இது மங்கலம்பேட்டைன்னு அவருக்கு விளக்கினேன். திட்டுவாருன்னு பார்த்தா, ஆளு டம்ளர் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

“விருத்தாசலத்துல எத்தினி நிமிஷம் நிக்கும்?”

“நிக்காதுங்க. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிடும்.”

“பொய் சொல்லாத. விருத்தாசலத்துல நிக்காத பஸ்ஸே கெடையாது.”

அதுக்கு மேல எனக்குப் பொறுமை இல்ல. “நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க வாயைத் தொறந்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்”னு மட்டும் சொல்லி வெச்சேன்.

வியாழக்கிழமை பத்து மணி. திரையில ஒரு சாரு வந்தாரு. சிரிக்கிறதுக்கு லீவு விட்ட மொகம். சமையக்கட்டுல காக்கிச் சட்டையோட எங்க வூட்டுக்காரரு, அடுத்த டிரிப்புக்குப் போறதுக்கு முன்னாடி சத்தமில்லாம டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு. அவரால சத்தமில்லாம டீ குடிக்க முடியும்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சுது.

“திட்டக்குடியிலேருந்து மங்கலம்பேட்டைக்கு ஒரு சேதி அனுப்புங்க”ன்னாரு சாரு.

அனுப்பினேன். பதில் வரல. மறுபடி அனுப்பினேன். வரல. முந்தின நாளு பாதிப் பாதியா பார்த்தேனே தவிர, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மூச்சா நான் அனுப்பியே பார்க்கல. மங்கலம்பேட்டையத் தொறந்து பார்த்தா, சேதி அங்க போய்ச் சேர்ந்திருக்குது.

“திட்டக்குடியில கெளம்புது சார். விருத்தாசலத்துல மாறுது. மங்கலம்பேட்டைக்கும் போயிடுது. ஆனா பதில் வரல சார்.”

சாரு ஏதோ குறிச்சிக்கிட்டாரு. என்ன எழுதியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? ஆறு வருஷம் வேலைக்குப் போகாதவள்னு எழுதியிருப்பாரு.

அப்ப சமையக்கட்டுலேருந்து குரல் வந்துது.

“ஏம்மா, போற பஸ்ஸு சரி. மங்கலம்பேட்டையிலேருந்து திரும்பி வர பஸ்ஸு வுட்டியா?”

திட்டுறதுக்கு வாயைத் தொறந்தேன். தொறந்த வாய் அப்படியே நின்னுடுச்சு. திட்டக்குடிக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். மங்கலம்பேட்டையப் புதுசா போட்ட அவசரத்துல, வெளியூருக்கு அனுப்பணும்னா விருத்தாசலம் வழியா அனுப்புன்னு அதுக்கு நான் சொல்லவே இல்ல. வந்த சேதிய வாங்கி வெச்சிக்கிட்டு, எந்தப் பக்கம் திருப்பி அனுப்புறதுன்னு தெரியாம அது முழிச்சிக்கிட்டு நின்னுருக்குது. ஒத்த வரிதான். அடிச்சேன். பதில் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்து விழுந்துது.

“பின்னாடி பேசினவரும் நெட்வொர்க்குல இருக்காருங்களா?”ன்னு கேட்டாரு சாரு.

“பஸ்ஸுல இருக்காருங்க சார். கண்டக்டரு.”

அந்த மொகம் சிரிச்சுது. சிரிச்சிக்கிட்டே காகிதத்தைப் புரட்டினாரு. “கடைசியா ஒண்ணே ஒண்ணு. இந்த ஆறு வருஷம் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?”

கோவம் வழக்கம்போல வந்துது. ஆனா கத்தத் தோணல.

“போறதுக்குப் பஸ்ஸு இருந்துது சார். திரும்பி வரதுக்குத்தான் யாரும் பஸ்ஸு வுடல.”

சாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிப் போட்டுக்கிட்டாரு.

“திங்கக்கிழமை சேர முடியுங்களா?”

பதில் சொல்லணும். உதடு அசையுது, சத்தம் வரல. சமையக்கட்டுலேருந்து விசிலு கேட்டுச்சு. ரெண்டு விசிலு.

“இதைச் சம்மதம்னு எடுத்துக்கலாங்களா?”ன்னாரு சாரு.

“எடுத்துக்குங்க சார்”னேன்.