தலைமாட்டில் ஆள்

"...அங்கே வேண்டாம், இந்தப் பக்கம் வா. தலைமாட்டில் ஏற்கனவே ஆள் இருக்கிறது" என்றார் கிழவர்.

ஒடாஹுஹுவில் எங்கள் டெய்ரிக்கு, இந்த ஊரில் தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர், தினமும் பால் வாங்க வரும் யூதர் அவர். சுகமா என்று கேட்டால், "இன்னும் தீர்ந்து போகவில்லை" என்பார். இப்படி ஆட்கள் சொல்வதையெல்லாம் பொறுக்கி வைத்து என் மனைவிக்குச் சொல்வேன். அவள் சிரிப்பாள். அவள்தான் இப்போது தலை முழுக்கக் கட்டுடன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்; அவளைப் பார்க்கத்தான் கிழவர் வந்திருந்தார்.

மூன்று நாட்களுக்கு முன், பட்டப்பகலில், முகத்தை மூடிய மூன்று பேர் சுத்தியலோடு கடைக்குள் புகுந்தார்கள். முதல் அடியில் சிகரெட் அலுமாரி பிளந்தது.

"கீழே படு, அங்கிள்!" என்றான் ஒருவன்.

படுத்துவிட்டேன். அவள் படுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எழும்பாதேங்கோ!" என்று எனக்குக் கத்திக்கொண்டே குறுக்கே வந்தாள். அடுத்த அடி அவள் தலையில் விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம். கோயிலில் கேட்டுப் பழகிய சத்தம்தான். இனி என்னால் கேட்க முடியாது.

கிழவர் வந்த அன்று காலைதான் மயக்க மருந்தை நிறுத்தியிருந்தார்கள். மாலைக்குள் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால்? "பொறுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர், மிக மென்மையாக. இந்த ஊரில் டாக்டர்மார் மென்மையாகப் பேசினால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"நோயாளியின் தலைக்கு மேல் கடவுள் வந்து தங்குவார் என்பது எங்கள் நம்பிக்கை" என்றார் கிழவர். "ஷெகினா என்போம். கூடவே இருப்பது. அதனால் அந்தப் பக்கம் நாங்கள் உட்காருவதில்லை."

"சுத்தியல் விழுந்தபோது எங்கே போயிருந்தார் உங்கள் ஆள்?"

"தெரியாது."

அந்தத் 'தெரியாது'தான் என்னைக் கிளப்பியது. அவரைச் சட்டையோடு பிடித்துச் சுவரில் மோதினேன். ஒரு தரம் அல்ல. தொப்பி விழுந்தது. உதடு கிழிந்தது. கையில் கனமே இல்லாத உடம்பு. கொன்றுவிடலாம் என்று நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்த மூவரைத் தேடிக்கொண்டிருந்த கை, அகப்பட்டவரைப் பிடித்துக்கொண்டது.

நர்ஸ் ஓடி வந்தாள்.

"வழுக்கிவிட்டேன்" என்றார் அவர்.

"ரெண்டு பேருமா?" என்று என்னை முறைத்துவிட்டுப் பஞ்சு கொடுத்துப் போனாள்.

தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்து என்னை உட்கார்த்தினார். "எனக்குத் தெரியாதுதான். இடத்தையாவது விட்டுவைப்போம்." என் கையைப் பிடித்து அவள் பாதத்தின் மேல் வைத்தார். பாதம் சில்லிட்டிருந்தது. யன்னல் வெயில் கட்டிலை விட்டு இறங்கிய நேரம், என் உள்ளங்கைக்குள் அவள் பெருவிரல் மடங்கியது.

"பாத்தீங்களோ! பாத்தீங்களோ!" என்று நான் தமிழில் கத்தினேன்.

அவருக்கு என்ன விளங்கியதோ, பஞ்சை எறிந்துவிட்டு நடைவழிக்கு ஓடி, உதட்டில் மறுபடி ரத்தம் வழிய வழிய, டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினார்.