காய்ச்சினால் பறந்துவிடும் ரேடியம்

சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம் குடும்பம் நடத்துவது. அதிலும் குடிதண்ணீர் இலாகா இருக்கிறதே, பானை நிறைந்திருந்தால் யார் கண்ணிலும் படாது, குறைந்தால் மட்டும் வீடே விசாரணைக்கு வரும். காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்தே பாதி ஆயுளைத் தீர்த்த சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விழுப்புரத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்கள் படும் பாட்டோடு ஒத்துப் பாருங்கள்.

ரயிலைத் தவறவிட்டவர்

எங்கள் வீட்டுக்காரர் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. ரயிலைத் தவறவிட்ட ஒரு காலேஜ் சயன்ஸ் வாத்தியாரை ஒருநாள் சாப்பிட அழைத்து வந்தார். வந்தவர் சும்மா சாப்பிட்டுப் போயிருக்கலாம். காகிதம் போல மெல்லிய தங்க ரேக்கு இரண்டு தொங்கும் ஒரு பெட்டியைத் திறந்து, எங்கள் பெண்ணையாற்றுத் தண்ணீரை அதில் ஊற்றிக் குலுக்கினார். விரிந்து நின்ற ரேக்குகள் மெல்ல ஒட்டிக்கொண்டன. அதுதான் ரேடியத்துக்கு அடையாளமாம். பாறையைத் தொட்டு வரும் தண்ணீரில் ரேடியத்தின் சக்தி துளி இருக்குமாம், காய்ச்சினால் பறந்துவிடுமாம்.

எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியம் டானிக் குடித்தால் கிழவனும் குமரனாவான் என்று அந்த வாரம்தான் பத்திரிகையில் விளம்பரம் பார்த்திருந்தார். எங்கள் மகள் மரகதம் எட்டு மாதக் கர்ப்பிணியாய்ப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "இனிமே அவளுக்கு ஆத்துத் தண்ணியைக் காய்ச்சக் கூடாது. பச்சையாக் குடு" என்று உத்தரவாயிற்று. ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்த வாத்தியார் பதறிப்போய்ச் சொன்னார்: "சார், நல்லதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே. இருக்குதுன்னுதான் சொன்னேன்."

பட்டப்பகலில் கம்பளி

ரேடியம் இருட்டில் மின்னும் என்று யாரோ பார்சல் ஆபீஸில் இவருக்குச் சொல்லித் தொலைத்தார்கள். சித்திரை வெயில். உச்சிவேளை. அடுக்களையில் தண்ணீர்ச் செம்பைக் காணோம். தேடிப்போனால், கூடத்தில் ஒரு கம்பளி மூட்டை உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே இவரும் செம்பும்!

பிரசவ ஒத்தாசைக்குத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார், இவருக்கு அக்காள், எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏம்மே, எந்தம்பிக்குக் குளிரு ஜுரமா, இல்லே செம்புக்கா?"

பீப்பாய் வண்டிக்காரர்

சேதி தெருவுக்குப் போனதும் தண்ணீர் வண்டிக்காரர் முனுசாமி மீசையை முறுக்கிக்கொண்டார். நேற்றுவரை கலங்கலுக்காக என்னிடம் வசவு வாங்கியவர், இப்போது வண்டி நுகத்தடியில் பூ சுற்றிக்கொண்டு வருகிறார். "பீப்பாய்க்குள்ளே தவளை கத்துதே, முனுசாமி" என்றேன்.

"அது சாதாத் தவளை இல்லீங்கம்மா, ஆறு மாசமா இந்தத் தண்ணியைக் குடிச்சிக்கினு எப்படி ஜம்முனு கீது பாருங்க!"

திண்டிவனத்து லேடி டாக்டர்

கான்வென்டில் கற்ற இங்கிலீஷ் ஒரு காரியத்துக்கு உதவியது. இருட்டில் ஒளிரும் கடிகார முகத்துக்கு ரேடிய மை பூசிய அமெரிக்கப் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதில் தாடை எலும்பு அழுகிப்போனதைப் பேப்பரில் படித்து இவருக்குச் சொன்னேன். "அது கடியாரம். இது ஆறு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

மரகதத்தை ரயிலேற்றித் திண்டிவனத்து லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆற்றில் இருக்கும் துளியால் கெடுதல் உண்டா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணைப் புள்ளத்தாச்சிக்கு மருந்துன்னு யாரும் குடுக்கக் கூடாது" என்றவர், ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டியபடி சேர்த்துக்கொண்டார்: "ரேடியத்துக்காவது விளம்பரம் வருது. வாந்திபேதி சொல்லிக்காமதாம்மா வரும்."

பறந்தது

அதேபோலத்தான் வந்தது. கோடைமழையில் ஆற்றில் புதுவெள்ளம், பின்தெருவில் இரண்டு வீடுகளில் வாந்திபேதி. அந்தச் சமயம் பார்த்து இவர் மகளுக்குப் பச்சைத் தண்ணீரை டம்ளரில் நீட்டுகிறார். அப்பா பேச்சைத் தட்டாத பெண் வாய்வரை கொண்டுபோய்விட்டாள். கரண்டியும் கையுமாக ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"காய்ச்சினா சக்தி பறந்துடும்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"பறக்கட்டும்! அதுக்குத்தான் காய்ச்சறேன். நல்லதா கெட்டதான்னு தெரியாதது பறக்கட்டும், கெட்டதுன்னு தெரிஞ்சது சாகட்டும்."

வீம்புக்கு அந்த டம்ளரை வாங்கி இவரே மடமடவென்று குடித்தார். மறுநாள் விடியலிலிருந்து செம்பும் கையுமாகக் கொல்லைக்கு ஓடியவர் ஓடியவர்தான். பார்சல் ஆபீஸ் இவரில்லாமல் நன்றாகவே நடந்தது. ஐந்தாறு நாள் கஞ்சியில் பிழைத்தார். அந்த மாதமே மரகதத்துக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. தாய்க்கும் சேய்க்கும் ஒரு குறையுமில்லை. பேத்தியைப் பார்க்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த தம்பியைப் பார்த்து நாத்தனார் சொன்னாள்: "கிழவனைக் குமரனாக்கும்னியேடா, நடைபழகுற புள்ளையா இல்ல ஆக்கிட்சி!"

பெண்ணையாற்றுத் தண்ணீரில் என்னென்ன இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது, சகோதரிகளே. ஆனால் எங்கள் வீட்டில் இன்று தண்ணீர் கொதித்துவிட்டதா என்று முதலில் வந்து மூடியைத் திறந்து பார்ப்பவர் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.