திறக்கக் கூடாத குடுவைகள்

சுவிஸின் பேர்ண் நகரில் எனக்கு வாய்த்த வேலை, காளானுக்கு வேர் கொடுப்பது. யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படித்திருந்ததால் உணவகச் சமையலறையிலிருந்து தப்பினேன். கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவைகளில் பைன் கன்றுகளை வளர்த்து, வேருக்குப் பக்கத்தில் காட்டுக் காளானின் இழையை ஒரு துண்டு வைப்போம். இரண்டும் ஒத்துக்கொண்டால் வேர்நுனியை வெள்ளை உறை போர்த்தும். ஒன்றுக்கொன்று சோறு போடும். அதற்குக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் பச்சைப் பூஞ்சணம் முந்திவிடும்.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான சுவிஸ் அம்மணி கறாரானவர். பச்சைப் புள்ளி கண்ணில் பட்டால், மூடியைத் திறக்காமலே குடுவையை நீராவியில் அவித்துவிட வேண்டும்.

"கன்று உயிரோடுதானே இருக்கிறது?" என்று ஒருமுறை வாதாடினேன்.

"திறந்தால் மற்றக் குடுவைகளும் போய்விடும். முடிவெடுக்கப் பழகு" என்றார்.

பழகிக்கொண்டேன். அந்த வேலையும் பிடிக்கவில்லை, அவரையும் பிடிக்கவில்லை.

அந்த மாரியில் ஊரில் தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. எந்த முகாமில் கேட்டாலும் இல்லை என்றார்கள். கூடப் பிடிபட்டு மீண்ட ஒருவன், தம்பி அடி தாங்காமல் செத்துப்போனான் என்று தங்கச்சியிடம் சொன்னான். உடலைக் கண்டவர் யாருமில்லை. அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நான். தம்பி செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டு, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்வதா, இல்லையா என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தங்கச்சி அம்மாவை டவுனுக்குக் கூட்டிப்போய், ஒரு கடையிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணை, அம்மா விடியப்பறமே முகாம் வாசலிலை போய் நிக்கிறா. ஒருநாளைக்குச் சுட்டுப்போடுவாங்கள். நீங்கள் சொன்னால்தான் கேப்பா."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அம்மாவையாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, அவன் இனி வரமாட்டான். அந்தியேட்டியைச் செய்யுங்கோ."

ஓவென்று அழுவார் என்று பயந்திருந்தேன். அழவில்லை.

"நீ கண்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"அப்ப நான் முகாமுக்குப் போட்டு வாறன் மோனை. பிந்திப் போனால் ஒருத்தரும் பதில் சொல்லமாட்டாங்கள்."

போனை வைத்துவிட்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, நோயில் போன அம்மாவுக்கு அந்தியேட்டி செய்தேன். தம்பிக்கும் சேர்த்துச் செய்துவிடுவோமா என்று ஐயர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.