மணல் சட்டியில் இரண்டு வில்லைகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது பொருள் அறிவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

அந்தச் சனிக்கிழமை ஆய்வகத்திலிருந்து இரண்டு பீங்கான் வில்லைகளைச் செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். சட்டைப் பொத்தான் அளவுதான். வெள்ளையானது பேரியம் டைட்டனேட். லேசாக மஞ்சளடித்தது பேரியத்துக்குப் பதில் ஈயம் சேர்ந்தது. விரிசல் விழாமல் கிடைத்த ஒரே ஜோடி. இரண்டிலும் மின்புலம் செலுத்தி, உள்ளே இருக்கும் டைட்டனியம் அணுக்களை நடுவிலிருந்து ஒரே பக்கமாக நகர்த்தி வைத்திருந்தேன். திங்கட்கிழமை துறையில் எல்லார் முன்னாலும் இரண்டும் வேலை செய்வதைக் காட்ட வேண்டும். அதற்குள் மறுபடி மின்புலம் செலுத்த முடியாது. அந்தக் கருவி வேறு ஊரில் இருந்தது.

காலையில் ஜன்னலோரம் மீட்டரில் இணைத்து ஒத்திகை பார்த்தேன். கோட்டை மலைமேல் மேகம் வந்து வெயில் மறைந்ததும் எண் இறங்கிப் பூஜ்யத்துக்குக் கீழே போனது. வெயில் வந்ததும் ஏறியது. வெப்பம் மாறினால் இவை மின்னழுத்தம் காட்டும், அவ்வளவுதான். அம்மா கதவருகே நின்று பார்த்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளித்துவிட்டு வந்தபோது ஜன்னலில் மீட்டர் மட்டும் இருந்தது. அம்மா அடுப்பில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். வில்லைகள் எங்கே என்றேன். கரண்டியால் சட்டி மணலைக் காட்டினாள்.

“யாரும் தொடாமலே எண்ணு ஏறுது, எறங்குது. அதுல என்னமோ இருக்குது பாப்பா. சூடு பட்டா போயிடும்.”

உனக்கு இன்னா தெரியும் என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னது சரி. நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் வெள்ளை வில்லையில் டைட்டனியம் நடுவுக்கே திரும்பிவிடும். ஆறினாலும் மறுபடி எல்லாம் ஒரே பக்கமாக நகராது. பேரியம் பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஒதுங்கியே நிற்கும். எதையும் இழுத்துப் பிடிக்காது. ஈயம் அப்படியில்லை. தன் எலக்ட்ரான்களை ஆக்சிஜனோடு பகிர்ந்து பிணைந்துகொள்ளும். அந்தப் பிடி விட, கடலை கருகும் சூடுகூடப் போதாது. அப்படித்தான் என் ஆய்வறிக்கையில் எழுதியிருந்தேன். வீட்டுச் சட்டியில் சோதித்ததில்லை.

இடுக்கியால் இரண்டையும் எடுத்துத் தரையில் வைத்தேன். ஈயம் பட்ட மணலையும் கடலையும் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்றேன். அம்மா சட்டியை இறக்கி வைத்தாள்.

ஆறிக்கொண்டிருந்த வெள்ளை வில்லையில் மீட்டரை இணைத்தேன். பூஜ்யம். ஊதினேன், விசிறினேன். பூஜ்யம்தான். அதில் முன்பு இருந்தது இப்போது இல்லை.

மஞ்சள் வில்லையில் கம்பியை வைத்த உடனே எண் ஓட ஆரம்பித்தது. அடுப்படியில் காற்றுகூட இல்லை. கழித்தல் குறியோடு அது போய்க்கொண்டே இருந்தது.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “இன்னும் போவலியா அது?”

“போவாதும்மா.”

ஈயத்தின் பிடிக்கு நான் வைத்திருந்த விளக்கம் முழுதும் சரி. ஆனாலும் அவளுடைய கையை நான் விலக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு வில்லையைத்தான் இயக்கிக் காட்டினேன். மற்றது எப்படிச் செத்தது என்று கேட்டபோது, மணல் சட்டி, அம்மா என்று உள்ளதைச் சொன்னேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளை வில்லை இப்போது எங்கள் சாமி மாடத்தில் கிடக்கிறது. அம்மா அதைத் துடைத்துக்கூட வைக்கிறாள். மஞ்சள் வில்லையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவராதே என்று சொல்லிவிட்டாள். நானும் கொண்டுபோவதில்லை.